புகைவண்டியில் ஏறிய நாற்பத்தொரு பேர் சார்பில் விளக்கம்

எல்பின்ஹோம் தேயிலைத் தோட்டம்,
லிந்துலை.

பழைய ரயில் பாதுகாப்பு மன்றத்தின் மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

அன்புள்ள மருமகன் றொனால்ட் என்று தொடங்கத்தான் கை வந்தது. நீங்கள் மன்றத்துத் தாளில், சொந்தத் தாய்மாமனை "ஐயா" என்று விளித்து, ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருப்பதால் நானும் முறைப்படியே எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உங்கள் அத்தை ஜோசப்பினின் பிரஷர்கூட இறங்கியிருக்கிறது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீங்கள் வந்து, பழைய நீராவி எஞ்சின் ஒன்று நானுஓயாவிலிருந்து ஹட்டன்வரை ஓடப்போகிறது, படம் எடுப்பதற்காக நம்முடைய சின்ன ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கும் என்றீர்கள். எங்களுக்குச் சந்தோஷம்தான். தினசரி ரயில் அங்கே நிற்பதை விட்டுப் பதினொரு வருடமாகிறது. பெண்கள் கூடையும் கம்பளியும் போட வேண்டும், காலில் செருப்பு கூடாது, கையில் போன் கூடாது, நான் தலைப்பாகை கட்டிக் கங்காணியாக நிற்க வேண்டும் என்று ஆளுக்காள் பழங்காலத்தைப் பிரித்துக் கொடுத்தீர்கள். அம்மாக்கண்ணு, "நாங்க இன்னைக்கும் கொழுந்துதானே தம்பி எடுக்கிறோம், பழைய ஆளா நடிக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ண வேணாங்கக்கா. நெசமாவே ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நில்லுங்க, போதும்" என்று சொன்னது நீங்கள்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் ஹட்டனில் கிளினிக் என்பதை மன்றம் யோசித்திருக்கலாம். உங்கள் அத்தை கம்பளிக்குள் கிளினிக் கொப்பியை வைத்திருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஜீவராணியின் கொழுந்துக் கூடைக்குள் ஹட்டனில் திருத்தக் கொடுக்கப் பழுதான கிரைண்டர் இருந்ததும் தெரியாது. ரயில் புகையோடு வந்து நின்றது. உங்கள் மன்றம் பிடித்து வந்த கார்ட் ஓய்வுபெற்றவராம். பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து, கையை ஆட்டி, "நகின்ட, நகின்ட" என்று சிங்களத்தில் ஏறச் சொன்னார். முதலில் ஏறியது உங்கள் அத்தை.

நான் பின்னால் ஓடினேன். "இது நடிப்புக்கு வந்த ரயிலு, எறங்கு" என்றேன்.

"நின்னுச்சு, ஏறினேன். நிக்கிற ரயில்ல ஏறாம வேற என்னங்க பண்றது?" என்றாள்.

அதற்குள் நாற்பது பேர் உள்ளே. கங்காணி உடுப்பில் நின்று அதட்டியும் ஒருவர்கூட இறங்கவில்லை, அந்தக் காலத்துக் கங்காணிக்கு இருந்த மரியாதை தலைப்பாகையோடு வரவில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டி, எழுந்து இடம் கொடுத்தார்கள். அம்மாக்கண்ணு அவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். உங்கள் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது, மருமகன், எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற செவ்வாய்களில் அவள் மூன்று கட்டை தூரம் நடந்து மெயின் ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள். பிரஷர் பார்த்த டாக்டர், "இன்னைக்கு எதுல வந்தீங்க? இனி அதுலயே வாங்க" என்று கொப்பியிலும் எழுதிவிட்டார்.

படங்களில் வெறும் பிளாட்பாரம் மட்டும் விழுந்திருக்கிறது என்பது உங்கள் பெரிய வருத்தம். மற்ற நாளிலும் அது அப்படித்தான் கிடக்கிறது, ஆகையால் படத்தில் பொய் இல்லை. பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது நல்ல காரியம். அது நிற்கும் இடத்தையும் சேர்த்துக் காப்பாற்றினால் இன்னும் நல்லது. எப்படியிருந்தாலும் எங்கள் மீது பிழைதான். இனிமேல் ரயில் நின்றாலும் ஏற மாட்டோம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்போம் என்று எல்லோர் சார்பிலும் உறுதி கூறி மன்னிப்புக் கேட்கிறேன்.

மாதா உங்களையும் மெரினாவையும் பிள்ளைகளையும் நோய்நொடியின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கங்காணி வேடம்,
உங்கள் மாமா யேசுரட்ணம்.

பின்குறிப்பு: கையெழுத்து வாங்குவதற்காக இதை லயத்து வீடுகளில் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் போடவில்லை. உங்கள் அத்தை கொப்பியைக் காட்டி, டாக்டர் சொன்னதை மீற முடியாது என்கிறாள். அடுத்த கிளினிக் பதினான்காம் திகதி, அதுவும் செவ்வாய்தான். உங்கள் ரயிலை அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மேல் பிரிவு ஆட்களும் சேர்ந்து இப்போது அறுபத்து மூன்று பேர், அதில் வயசாளிகள் அதிகம், ஏற நேரமெடுக்கும். கார்டிடம் சொல்லி இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக நிறுத்துங்கள்.