எறும்புக் கங்காணி குறிச்ச முகூர்த்தம்

முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கிறேன். நான் மூணாங் கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவ, அதுவும் இலங்கையில, கப்பலேறி இந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி. எழுத்து கோணலா வரும். பாதி மறந்தும் போச்சு. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சே வயசாகிப் போனேன். நாலு பேர் முன்னாடி வாய் திறக்கக் கூச்சம். எழுதறதுன்னா யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அதான் எழுதறேன்.

இந்த உலகத்துலயே எறும்புக்குக் கல்யாணத் தேதி குறிச்ச ஒரே மனுஷன் எங்க லயத்துலதான், அதாவது எஸ்டேட்டு லைன் வீட்டு வரிசையிலதான், குடியிருந்தார். அவரோட சொந்தப் பேர் ரேஷன் கார்டுல மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் எறும்புக் கங்காணி. எஸ்டேட்டுல வேலை வாங்கற கங்காணி எங்களை நிறுத்திவச்சுப் பேர் போடற மாதிரி, இவர் எறும்பு வரிசைப் பக்கத்துல குத்தவச்சு ஒண்ணொண்ணா எண்ணிட்டிருப்பார். இன்னிக்கு லீவு போட்ட எறும்பு எதுன்னுகூட அவருக்குத் தெரியும்னு பொம்பளைங்க பேசிக்குவோம்.

ஒன்பது வருஷம் வளைகுடா நாட்டுல, பாலைவனத்து நடுவுல எண்ணெய்க் குழாய்க்குக் காவல் இருந்தவர். பேசறதுக்கு ஆள் கிடையாது. எறும்புதான் துணை. அங்க வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மழைதானாம். மழைக்கு மறுநாள் வெயில் ஏறி, காத்தும் நின்னுச்சுன்னா, பொந்துக்குள்ள காத்திருந்த ராணியும் ஆணும் இறக்கையோட கிளம்பி வானத்துல கூடுமாம். அப்புறம் ராணி மட்டும் தரைக்கு எறங்கி, இறக்கையைக் கழட்டிப் போட்டுட்டு, ஈர மணலைத் தோண்டித் தனிக்குடித்தனம் ஆரம்பிக்குமாம். இறக்கை கிடந்தா ராணி கிட்டத்துலதான் இருக்கும்னு இவர் மைல் கணக்குல குனிஞ்சுகிட்டே நடப்பாராம்.

ஒரு தடவை அப்படித் தேடறதைப் பார்த்த கேம்ப் ஆளுங்க, மோதிரத்தைத் தொலைச்சுட்டார்னு நினைச்சுட்டாங்க. முப்பது பேர் வந்து மணலைச் சலிச்சிருக்காங்க. சாயங்காலம் ஒருத்தர், "எத்தனை பவுன்?"னு கேட்க, இவர் உள்ளங்கையை விரிச்சு ஒரு எறும்பைக் காட்டியிருக்கார். அதுக்கப்புறம் ஒரு மாசம் அவருக்கு யாரும் டீ ஊத்தலையாம்.

ஊருக்குத் திரும்பி வந்தப்போ பெட்டியைத் திறக்கறதைப் பார்க்க லயமே கூடிருச்சு. சென்ட்டும் சோப்பும் வரும்னு நானும் கதவோரமா நின்னேன். மேல ஒரு நோட்டு. அதுக்குக் கீழ ஒரு டப்பா. டப்பா நிறைய எறும்பு இறக்கை.

பாலைவனத்துல ஒரு தடவைகூடத் தப்பாத அவர் கணக்கு, இந்த மலையில வந்து திண்டாடிருச்சு. மழைக்கு மறுநாள்னு நோட்டுல எழுதியிருக்கு. இங்கதான் எல்லா நாளும் மழைக்கு மறுநாளாச்சே. முதல் தடவை அவர் நாள் குறிச்சப்போ, ஈசல் கிளம்புதுன்னு நினைச்சு நாங்க வறுக்கிறதுக்குச் சட்டியோட போய்ட்டோம். அவருக்குக் கோபமே வந்திருச்சு.

"ஏனுங்க, ஈசல் கறையான் ஜாதி. இது கட்டெறும்புங்க. வறுக்கறதுக்கில்ல, பார்க்கறதுக்கு."

"பார்த்து என்னங்க பண்றது?"ன்னு பக்கத்து வீட்டு மேரி கேட்டா.

"கல்யாண ஊட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க?"

"சாப்பிடுவோம்."

அன்னிக்கு ஒரு எறும்பும் பறக்கலை. சட்டியைத் தூக்கிட்டு வந்துட்டோம்.

எங்க பெரட்டுக் களத்துல, அதாவது காலையில பேர் கூப்பிடற மைதானத்துல, கொடிக்கம்பத்துக்குக் கீழ ஒரு பெரிய கட்டெறும்புப் புத்து. பழைய புத்து. அந்த இடத்துக்கு சிமெண்ட் போடணும்னு சின்ன தொரை, அதான் அசிஸ்டென்ட் மேனேஜர், உத்தரவு போட்டார். நம்ம எறும்புக் கங்காணி ஆபீசுக்கே போய் நின்னுட்டார். ராணிங்க இன்னும் உள்ள இருக்குது, ஒரே ஒரு தடவை பறந்து போகட்டும், அப்புறம் எதை வேணாலும் போட்டுக்குங்கன்னு கெஞ்சியிருக்கார். தொரை சின்ன வயசுக்காரர். எப்பப் பறக்கும்னு கேட்டிருக்கார். இவர் நோட்டைப் புரட்டி, ஞாயித்துக்கிழமை மூணு மணின்னார்.

"பறக்கலைன்னா?"

"இனி எறும்புன்னு வாயே திறக்க மாட்டேனுங்க."

ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன், பறக்கலைன்னா மறுநாள் சிமெண்ட்டுன்னு தொரை சொல்லிட்டார்.

களத்தைக் கூட்டற வேலை அப்போ என்கிட்ட இருந்தது. தொரை வர்றார்னா எங்க பழக்கம் ஒண்ணு உண்டு. மண்ணு தெரியக் கூடாது. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் போனேன். கம்பத்தடி முழுக்க எறும்பு வெளியில தள்ளின மண்ணு, குப்பலா. தொரை ஷூ புதைஞ்சா என்ன ஆகும், கால்ல கடிச்சா என்ன ஆகும்னு பதறிப் போய் மண்ணையெல்லாம் கூட்டி அள்ளினேன். ஓட்டையெல்லாம் கெட்டிச் சாணி வச்சு அடைச்சேன். மேல வழவழன்னு மெழுகினேன். கங்காணிக்கு மரியாதையா இருக்கட்டும்னு அதுமேல ஒரு தாமரைக் கோலமும் போட்டேன்.

மூணு மணிக்கு எல்லாரும் வந்துட்டாங்க. கங்காணி வெளிநாட்டுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். தொரை செல்போனைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு நின்னார். மூணு ஆச்சு, மூணரை ஆச்சு. கோல மாவைத் தூக்கிட்டுப் போக வந்த சித்தெறும்பைக் காட்டி, "இதுதான் ராணியா?"ன்னு தொரை கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் முந்தானையை வாயில வச்சுகிட்டு சிரிச்சேன்.

கங்காணி குனிஞ்சு தரையைப் பார்த்தார். விரலால ஒரு இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, களத்தோரக் கொட்டகைத் தூணுக்குப் பின்னாடி நின்ன என் கையைப் பார்த்தார். நகத்துல சாணி இருந்தது.

"என் கணக்குத்தானுங்க தப்பு"ன்னு தொரைகிட்ட சொன்னார்.

கூட்டம் கலைஞ்சு போறப்போ என் பக்கமா வந்து, "கோலம் நல்லா இருந்துச்சுங்க அக்கா"ன்னார். நான் மரமண்டை. அன்னிக்குப் பூரா அதை நினைச்சு சந்தோஷப்பட்டேன்.

திங்கக்கிழமை கொட்டின மழையில சிமெண்ட் வேலை நின்னு போச்சு. செவ்வாக்கிழமை நல்ல வெயில், ஒரு இலை ஆடலை. மத்தியானத்துக்கு மேல களத்தைக் கூட்டப் போனேன். ஆள் இல்லை. கோலம் இருந்த இடத்துல என் சாணி மெழுக்கு பொத்தல் பொத்தலா உடைஞ்சிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் இறக்கை வச்ச கட்டெறும்பு வந்துட்டே இருந்தது. பெருசு பெருசா, கண்ணாடி இறக்கையோட, கொடிக்கம்பத்துல ஏறி, உச்சியிலிருந்து பறந்துச்சு. கம்பமே கறுப்பா அசையற மாதிரி இருந்தது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. அதுங்க ஞாயித்துக்கிழமையே கிளம்பியிருக்கும். வாசலை அடைச்சது நான். அவருக்கு அது அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கணும். அவர் வீடு கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டா லயமே வரும், ஞாயித்துக்கிழமை ஏன் பறக்கலைன்னு கேக்கும், நான் எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து சொல்லணும். விளக்குமாத்தைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, பறந்து முடியற வரைக்கும் நின்னேன். அப்புறம் தரையில கிடந்த இறக்கையையெல்லாம் கூட்டி அள்ளிட்டேன், யாருக்கும் தெரியாம.

புதன்கிழமை சிமெண்ட் போட்டாங்க. கங்காணி சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். எறும்புன்னு ஒரு வார்த்தை பேசலை. வாழ்நாள் பூரா குனிஞ்சு நடந்த மனுஷன், தரையைப் பார்க்கக் கூடாதுன்னு நிமிர்ந்து நடந்து, ரெண்டு தடவை சாக்கடையில விழுந்தார். மறு வருஷம் திருப்பூருக்கு மக வீட்டோட போய்ட்டார். பஸ் ஏறறப்போகூட போய்ட்டு வாங்கன்னு மட்டும் சொன்னேன், அதுவும் அவர் காதுல விழுந்துச்சோ என்னவோ.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அந்தச் செவ்வாக்கிழமை இறக்கை கழண்ட ராணி ஒண்ணு என் கால்கிட்ட ஓடுச்சு. அதை வெத்திலைப் பெட்டியில எடுத்துட்டு வந்து, வீட்டுக்குப் பின்னாடி ஒரு கல்லுக்கு அடியில விட்டேன். இப்போ அங்க ஒரு புத்து இருக்குது.

அதுங்க பறந்தது சித்திரை மாசமா வைகாசியான்னு எனக்குச் சரியா நினைவில்லை. ராணியைப் பத்தி எழுதினதுலயும் தப்பு இருக்கலாம். இந்தப் பத்திரிகை திருப்பூருக்கும் போகும்னு சொன்னாங்க. அங்க யாருக்காவது அவரைத் தெரிஞ்சா, இதைக் காட்டி, தேதியைச் சரி பார்த்துத் தரச் சொல்லுங்க. நோட்டு அவர்கிட்டத்தான் இருக்கும். அவரே நேர்ல வந்து பார்த்தாலும் சரி. வீட்டுக்குப் பின்பக்கம் குப்பையா கிடக்கும், தப்பா நினைக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் மட்டும் நான் கூட்டறதும் இல்லை, தெளிக்கிறதும் இல்லை.