மிதக்கும் நேரம்

"மிதக்கும் நேரம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது.

அதுவரை படிவம் தடங்கலில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. எடை கேட்டிருந்தார்கள், இரண்டு கிலோ குறைத்துப் போட்டாள். உயரத்தில் பொய் இல்லை. சுற்றளவு என்று ஒரு கட்டம். "லைஃப் ஜாக்கெட்டுக்கா இருக்கும்" என்று அப்பாவே டேப் எடுத்து வந்து அளந்தார். நிறம் என்ற இடத்தில் 'மாநிறம்' என்று எழுதினாள். அப்புறம்தான் தலையில் இடி: அசையாத நீரில், துணையின்றி மிதக்கும் நேரம்.

அவள் கடல் பொறியியல் ஆராய்ச்சியாளர். அலையை அளந்து சொல்லும் மிதவை ஒன்றை மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று, மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்யலாம் வா என்று அழைத்திருந்தது. மிதவையின் காகிதங்களை அவளுடைய ஆய்வகத்து ஃபிட்டர் அண்ணன் பார்த்துக்கொண்டார். தன் படிவத்தை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள்.

"என்னம்மா யோசனை?" என்றார் அப்பா. கடிகாரம் பழுது பார்ப்பவர். பூதக்கண்ணாடி இன்னும் ஒரு கண்ணிலேயே இருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"கடல் படிச்ச பிள்ளைக்கா?"

"கடலை யாருப்பா பார்த்தா? ஆய்வகத்துல அலைத் தொட்டிக்கு மேல இரும்புப் பாலம் இருக்கு. அதுல நின்னுதான் நாலு வருஷமா வேலை பார்க்கறேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒரு முப்பதுன்னு போடு. போறதுக்குள்ள கத்துக்கலாம்."

முப்பது என்று போட்டாள். 'நிமிடம்' என்று சேர்க்கக் கை வரவில்லை. பொய் அந்த மட்டுக்காவது சின்னதாக இருக்கட்டுமே.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'முப்பது என்பது மிக நல்ல செய்தி. வந்த வாரமே ஆழ்கடலில் இறக்கிவிடுகிறோம். கயிறு கட்டிப் படகுக்குப் பின்னால் இழுப்பதும் உண்டு. பெரிய அலை புரட்டிப் போட்டால் தானாக நிமிர முடியுமா? சோதித்துத் தெரிவிக்கவும்.'

அப்பா இரண்டு முறை படித்தார். "கயிறு கட்டி இழுப்பாங்களா? படிக்கக் கூப்பிடறாங்களா, பழி வாங்கக் கூப்பிடறாங்களா?"

"அங்க எல்லாருமே அப்படித்தான் போலப்பா. பெரிய ஆய்வகம்."

மறுநாள் காலையில் நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். பெரியவர்கள் வகுப்பில் இடமில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் வகுப்பில்தான் இருந்தது. அவளைச் சுற்றிப் பன்னிரண்டு வாண்டுகள் தக்கை மாதிரி மிதந்தன. அவள் மட்டும் அம்மிக்கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தாள்.

"மிதக்கறதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம்மா," என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மாள். "சும்மா கிடக்கணும். படிச்சவங்களுக்கு அதுதான் வர மாட்டேங்குது."

ஒரு வாரம் போயிற்று. தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். எட்டாம் நாள் அப்பாவும் குளத்தில் இறங்கிவிட்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது. ஆழமில்லாத பக்கம் நெஞ்சளவு நீரில் நின்று, மகளின் முதுகுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தார். நொடி முள்ளைத் தூக்கும் கைகள், இம்மியும் அசையாதவை. அன்று கிடுகிடுவென்று ஆடின.

"அப்பா, நீங்க நடுங்கறீங்க."

"தண்ணி சில்லுன்னு இருக்குல்ல."

"இல்லையே, வெதுவெதுன்னுதானே இருக்கு?"

அவர் கைகளை இன்னும் அகல விரித்துக்கொண்டார். "மூணு மாசம்னு சொல்லச்சொல்ல சும்மா தலையாட்டிட்டேன். நேத்துதான் நாளை எண்ணிப் பார்த்தேன். தொண்ணூத்தி ரெண்டு வருது."

"அப்ப போகலைப்பா."

"அடி! கடலுக்குப் போற பிள்ளைய அப்பன் கையில தாங்கிட்டே இருக்க முடியுமா? நீ கிட. உடம்பத் தளர்த்து. வானத்தைப் பாரு."

வானத்தைப் பார்த்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊர் சத்தமெல்லாம் அடங்கியது. அப்பாவின் முகம் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு நிமிடம். அதற்குப் பிறகு தினம் கொஞ்சம் ஏறியது. புரண்டால் நிமிரும் வித்தையையும் வாண்டுகளில் ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். நான்காவது வாரக் கடைசியில், அப்பா கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்: "பதினொண்ணு! பதினோரு நிமிஷம்!" குளம் முழுக்கக் கைதட்டியது.

முப்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கடலே கிடந்தது. பொய்யோடு விமானம் ஏற அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று துணிந்து எழுதிவிட்டாள்: 'முப்பது என்று கொடுத்தது தவறு. உண்மையில் பதினோரு நிமிடம்தான். புரண்டால் நிமிர முடியும். சிறிது தண்ணீர் உள்ளே போகும். மன்னிக்கவும்.'

இரண்டு நாள் அப்பா கடையைக்கூடத் திறக்கவில்லை. பதில் வந்ததும் அவரே எடுத்து வாசித்தார்.

'உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பதினோரு நிமிடம் எங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் திட்டத்தில் மாற்றமில்லை. அடிப்பாகத்தில் இரண்டு கிலோ கூடினால் நன்றாக மிதக்க முடியும் என்பது எங்கள் கணிப்பு. வரவை எதிர்நோக்குகிறோம்.'

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல மனுஷங்கம்மா. நீ சரியா சாப்பிடறதில்லைன்னு கடல் தாண்டி இருக்கறவங்களுக்கே தெரியுது பாரு."

புறப்படும் நாள். வாசலில் டாக்சி. அப்பா அவள் தலையில் கை வைத்தார். இப்போது கை நடுங்கவில்லை. "அலை புரட்டிப் போட்டா பயப்படாதே. சும்மா கிட. தானா மேல வந்துடுவே" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

மிதவைப் பெட்டியைச் சுமந்து வந்த ஃபிட்டர் அண்ணன் அதை டாக்சியில் பத்திரமாக ஏற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. மிதவைக்குன்னு ஆபீஸ்ல குடுத்த படிவத்துல, கல்யாணம் ஆச்சா, என்ன சாப்பாடு, ஜன்னல் வெச்ச ரூம் வேணுமான்னெல்லாம் கேட்டிருந்தாங்க. நான் 'ஆகலை, ரெண்டு பேட்டரி, எங்க வெச்சாலும் சரி'ன்னு எழுதிட்டேன். தப்பில்லையே?"