குறைந்தது மூன்று குறைகள்

ஹிஸ்டரி மேடத்துக்குக் குறை கிடைக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கல்லூரியில் குறையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று பொருமிக்கொண்டிருந்தவர்தான். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் ஒன்றுகூடப் பேனா முனைக்கு வர மறுத்தது.

திருச்சபை நடத்தும் கலை, அறிவியல் கல்லூரி அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தரச்சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் கல்லூரி தன்னைத்தானே மதிப்பிட்டு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்த ஒரே குற்றத்துக்காக அந்த வேலையை ஹிஸ்டரி மேடம் தலையில் கட்டியிருந்தார்கள். நூற்று எண்பது பக்கம் எழுதினார். 'நிறுவனத்தின் குறைகள்' என்ற கட்டத்தில் மட்டும், எதற்கு வம்பு என்று, 'இல்லை' என்று போட்டார்.

அறிக்கை போன வேகத்தில் திரும்பி வந்தது. குறையே இல்லை என்றால் நீங்கள் உங்களை மதிப்பிடவே இல்லை என்று பொருள். குறைந்தது மூன்று குறைகளுடன் வியாழக்கிழமைக்குள் மறுபடி அனுப்பவும் என்று தரச்சான்று மன்றம் எழுதியிருந்தது.

"மூணே மூணு மேடம்," என்றார் பிரின்சிபால் சிஸ்டர். "உண்மையா இருக்கணும். ஆனா யார் மனசும் நோகக்கூடாது."

"உண்மையா இருந்தா நோகுமே சிஸ்டர்."

"அதனாலதான் உங்ககிட்ட குடுத்தேன்."

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. தரச்சான்று போனால் மாணவர் சேராத துறைகளை மூடிவிடுவது என்று திருச்சபை நிர்வாகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. முதல் இரண்டு துறைகள் எவை என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஹிஸ்டரி மேடமும் பிலாசபி சாரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் மட்டும் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்: உங்கள் குறைகளை எழுதித் தாருங்கள். மறுநாள் பதினொரு பதில்கள் வந்தன. பத்துத் துறைகள் தங்கள் குறை அளவுக்கு மீறி உழைப்பது என்று எழுதியிருந்தன. இயற்பியல் துறை மட்டும் நான்கு பக்கம் எழுதியிருந்தது, அத்தனையும் வேதியியல் துறையின் குறைகள். அந்த நான்கு பக்கத்தையும் மேடம் மறதியாக நகல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார். மதியத்துக்குள் ஆசிரியர் அறையில் இரண்டு துறையும் ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டன.

வேறு வழியில்லாமல் வியாழன் மாலை மேடமே கண்ணில் பட்ட மூன்றை எழுதினார். ஒன்று, நூலகத்தின் வடக்கு மூலையில் கூரை ஒழுகுகிறது. இரண்டு, முதல் வகுப்பைத் தொடங்கி வைக்கும் சிற்றாலய மணி ஒன்பதுக்கு அடிக்காமல் ஒன்பது ஏழுக்கு அடிக்கிறது. மூன்று, எந்தப் பட்டம் படிப்பவரும் பிற துறைப் பாடம் ஒன்று படிக்க வேண்டும் என்பது இக்கல்லூரியின் கொள்கை. இருந்தும் தத்துவத்துக்கு நான்கு பேர்தான் வருகிறார்கள். கூரைக்கும் மணிக்கும் மனசு கிடையாது, பிலாசபி சார் எதையும் தாங்கிக்கொள்வார் என்று கணக்குப் போட்டு, சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினார்.

அறிக்கை உடனே மன்றத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தவர் நூலகர்.

"என் நூலகம் ஒழுகுதுன்னு எழுதினது நீங்கதானா?"

"ஒரு மூலையில சார். ஒரு சொட்டு."

"அந்த ஒரு சொட்டு எனக்கும் அந்த வாளிக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப நாட்டுக்கே சொல்லிட்டீங்க."

அடுத்து சிற்றாலயத்து ஃபாதர். எழுபது வயது. மணிக்கூண்டின் படிகளைத் தினமும் தானே ஏறிக் கயிறு இழுப்பவர். "அந்த ஏழு நிமிஷம் மணியோட குறை இல்ல மேடம். என் முழங்காலோட குறை. அதைத் தனியா எழுதியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிலாசபி சார் வரவே இல்லை. அது மேடத்துக்கு இன்னும் கனமாக இருந்தது.

அடுத்த பத்து நாளும் மேடம் கோப்புகளுக்குள் மூழ்கிக் கிடந்தார். ஆய்வுக்குழு வருவதற்கு முதல் நாள் காலை, குறைகள் மூன்றும் அதது இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வரலாம் எனக் கிளம்பினார்.

நூலகத்தின் வடக்கு மூலையில் வாளியைக் காணோம். கூரை பால்போல வெளுத்திருந்தது.

"வாளி எங்க சார்?"

"எதுக்கு வாளி?" என்று கேட்டார் நூலகர். பத்து நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு. "சொந்தமா ஆள் பிடிச்சு பூசிட்டேன். இப்ப மேல குளமே கட்டலாம்."

அப்போது சிற்றாலய மணி அடித்தது. மேடம் பழக்கதோஷத்தில் தன் கடிகாரத்தை ஒன்பது ஏழுக்குத் திருப்பி வைத்தார். வைத்த பிறகுதான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாக ஒன்பது. ஃபாதர் எலக்ட்ரீஷியனை வைத்துத் தானியங்கிக் கருவி மாட்டிவிட்டிருந்தார்.

பிலாசபி வகுப்புக்கு ஓடினார். உள்ளே முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சார் விடுதி விடுதியாக, விளையாட்டு மைதானம் மைதானமாகப் போய் ஒவ்வொருவராகப் பேசி அழைத்து வந்திருந்தார்.

சிஸ்டர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மேடம் மன்றத்தின் கையேட்டைப் பிரித்தார். பக்கம் நாற்பத்தொன்று: சமர்ப்பித்த அறிக்கைக்கும் நேரில் காண்பதற்கும் முரண்பாடு இருந்தால் தரச்சான்று நிறுத்தி வைக்கப்படும்.

"அறிக்கையைத் திருத்திடலாமே," என்றார் சிஸ்டர்.

திருத்தப் பார்த்தார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் 'காலம் முடிந்தது' என்று வந்தது. மன்றத்துக்குப் போன் செய்தார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நாற்பது நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அப்ப ஒரே வழிதான் சிஸ்டர். குறையைத் திரும்பக் கொண்டு வரணும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம்."

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். அறிக்கையில இருக்கிறதை உண்மையாக்கப் போறோம். அவ்வளவுதான். உண்மையாக்குறது எப்படிப் பொய் ஆகும்?"

சிஸ்டர் கொஞ்ச நேரம் சிலுவையைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிட்டு வர்றேன்," என்று எழுந்து போனார். அன்று முழுவதும் திரும்பி வரவில்லை.

ஃபாதர் சுலபமாக வழிக்கு வந்தார். ஏழு நிமிடம் தள்ளி வைக்க எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நூலகர் மட்டும், "என் கையால ஒழுக வைக்க மாட்டேன். நீங்க மாடிக்குப் போனா நான் பார்க்கலைன்னு வேணா இருந்துக்கிறேன்," என்றார்.

கஷ்டமானது பிலாசபி சார்தான். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்தேழு பேரை வர வேண்டாம்னு சொல்லணுமா?"

"ஒரு நாள் மட்டும் சார்."

"பத்தொன்பது வருஷத்துல இப்பத்தான் மேடம் ரெண்டாவது வரிசையில ஆள் உக்காந்திருக்கு. பின்னால கேக்கலைன்னு நேத்து ஒரு பொண்ணு சொல்லுச்சு. என்கிட்ட அப்படி யாரும் சொன்னதே இல்ல."

மேடம் முன் வரிசையில் உட்கார்ந்தார். "இந்த இருபத்தேழு பேரை நாளைக்குக் காட்டினா, நாளான்னைக்கு உங்க துறையும் இருக்காது, என் துறையும் இருக்காது. நீங்களே சொல்லுங்க."

அவர் துடைப்பானைக் கீழே வைத்தார். "சரி. பக்கத்து அறையில உக்கார வைக்கிறேன். போகச் சொல்ல மட்டும் என்னால முடியாது."

மறுநாள் காலை மேடத்தின் கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் போவதை அவர் கணவர் பார்த்தார்.

"காலேஜுக்குத்தானே போற?"

"ஆமா."

"இன்னிக்கு என்ன பாடம்?"

"கோட்டை முற்றுகை," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

ஏழரை மணிக்கு நூலக மாடியில் முட்டி போட்டு உட்கார்ந்து புதுப் பூச்சைக் கொத்தினார். தண்ணீர் ஊற்றினார். கீழே ஓடிப் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. மறுபடி ஏறினார், கொத்தினார், ஊற்றினார், ஓடினார். நான்காவது தடவை கோபத்தில் ஓங்கி ஒரு போடு போட்டதில் பூச்சு, அதற்குக் கீழே இருந்த பழைய பூச்சு, அதற்கும் கீழே இருந்த எதுவோ எல்லாம் சேர்ந்து உள்ளே விழுந்தன. ஒரு சொட்டு கேட்டவருக்கு ஓடையே கிடைத்தது. கலைக்களஞ்சியத்தின் முதல் ஆறு தொகுதிகளை நூலகர் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியதை, அவர் தன்னைப் பார்க்காதது போல் இருந்ததால், மேடமும் பார்க்காதது போல் இருந்தார்.

குழு எட்டே முக்காலுக்கு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். கூட இரண்டு உறுப்பினர்கள். மூவரும் மலர்ந்த முகத்தோடு இறங்கினார்கள். தலைவர் சிஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"முதல்ல நூலகம் போகலாமா? அதைப் பார்க்கத்தான் ரொம்ப ஆசை," என்றார்.

வடக்கு மூலையில் மூன்று வாளிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. தலைவர் கூரையைப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

"இது வடக்கு மூலைதானே?"

"வடக்கேதான் சார்," என்றார் மேடம். "அறிக்கையில எழுதினபடி."

உறுப்பினர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் அதைக் கவனித்தார், சந்தேகப்படுகிறார்கள். அப்போது மணி அடித்தது. ஒன்பது ஏழு. ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் மேடத்துக்கு உயிர் வந்தது.

வராந்தாவில் நடக்கும்போது மணி மறுபடி அடித்தது. ஒன்பது பதினாலு. பிறகு ஒன்பது இருபத்தொன்று. ஏழு நிமிடம் தள்ளி அடிக்கச் சொன்னதை, எலக்ட்ரீஷியன் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தான். கூண்டின் படிகளில் ஃபாதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவது தூரத்தில் தெரிந்தது.

"இது என்ன மணி?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர்.

சிஸ்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "தாமதமா அடிக்கிற மணி சார். கொஞ்சம் அதிகமாவே தாமதம்," என்றார்.

பிலாசபி வகுப்பில் நான்கு பேர் முன் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு பேர்தானா?" தலைவரின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"இவ்வளவுதான் சார். என்னிக்குமே நாலுதான்," என்று முந்திக்கொண்டார் மேடம்.

"இன்னிக்கு என்ன பாடம்?"

பிலாசபி சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உண்மை என்றால் என்ன, சார்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக் கதவு திறந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "சார், நாங்க எப்ப உள்ள வரலாம்?"

"அது வேற வகுப்பு," என்றார் மேடம், கதவை முதுகால் சாத்தியபடி. முதுகுக்குப் பின்னால் இருபத்தேழு பேரின் மூச்சு கேட்பது போலிருந்தது. தலைவர் குறிப்பேட்டில் நீளமாக ஏதோ எழுதினார். சாப்பாடு வேண்டாம் என்றார். காப்பியும் வேண்டாம் என்றார்.

புறப்படும்போது காரின் கதவருகே நின்று சிஸ்டரிடம் நிதானமாகச் சொன்னார். "இருபது வருஷமா காலேஜ் காலேஜா போறேன். இப்படி ஒரு காலேஜைப் பார்த்ததே இல்ல. எழுதின குறை மூணும் அப்படியே இருக்கு."

"ஒண்ணைக்கூட நாங்க தொடல சார்," என்றார் மேடம்.

"பார்த்தேன்," என்றார் அவர். கார் போய்விட்டது.

மேடம் அலுவலகத்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முட்டி இரண்டிலும் சுண்ணாம்பு. ஆனாலும் முடிந்துவிட்டது. இரண்டு துறையும் பிழைத்தன. பிலாசபி சார் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகளை வகுப்புக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கூப்பிடுங்க சார், எல்லாரையும் கூப்பிடுங்க என்று மேடம் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது.

மன்றத்தோடு கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் டைப்பிஸ்ட் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மேடத்தின் கையில் கொடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் நின்றாள்.

"கூரை பூசினது, மணி சரியானது, கிளாஸ் நிறைஞ்சது, மூணையும் போட்டோ எடுத்துப் போன வாரமே தலைவருக்கு அனுப்பிட்டேன் மேடம், ஒரே வாரத்துல இவ்வளவு மாத்தின காலேஜை நேர்ல பார்த்தே ஆகணும், அதுக்காகத்தான் நானே வர்றேன்னு அவர் பதில் போட்டிருந்தார், நீங்க கதவைச் சாத்திக்கிட்டு வேலையா இருந்தீங்களேன்னுதான் சொல்லல."