தாராளமாக ஒரு டாப்ஸ்

பிள்ளைகளுக்குத் துணி தைப்பவர்களில் ஓர் இனம் உண்டு. கண்ணெதிரே நிற்கிற பிள்ளைக்கு இவர்கள் தைக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் வந்து நிற்கப்போகிற பிள்ளைக்குத்தான் தைப்பார்கள். கேட்டால் ஒரே பதில்: "வளர்ற பிள்ளை!" அப்படியானால் இந்த வருஷத்துப் பிள்ளை? அது கையை மடித்துவிட்டுக்கொண்டு, கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறும்போது முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, எப்படியோ காலத்தை ஓட்ட வேண்டியதுதான். என்ன அவசரம்? வளராமலா போய்விடும்?

இந்த இனத்தில் முதல் தரமான ஒருத்தியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது நல்லது. பகலில் அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர் எழுதியதற்கு மேல் அரை மாத்திரை கொடுக்கமாட்டாள். அங்கே அளவென்றால் அளவு. வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாலோ அந்தக் கண்டிப்பெல்லாம் செருப்போடு வாசலிலேயே கழன்றுவிடும். "கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமே" என்பாள். தலையணை உறை தைத்தாலும் தாராளம்தான். தலையணை அதற்குள் புரண்டு படுக்கும். கணவன் அவளுக்கு வைத்த பெயரே "தாராளம்". அவன் பட்ட பாடு அப்படி. ஒருமுறை வீட்டில் போட்டுக்கொள்ள அவனுக்கு ஓர் அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தாள். அதை இடுப்பில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு. நான் இனிமே எங்க வளரப்போறேன்?" என்று கேட்டான்.

"தொப்பை வளருதில்ல?"

அவன் ஒரு நாடாவைத் தேடி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

இவர்களுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயசு. அந்த வருஷம் பெண் திடீரென்று ஒரு பிடி உயர்ந்துவிட்டாள். வீட்டில் போடுகிற டாப்ஸ், விளையாடப் போகிற டாப்ஸ் எல்லாம் ஒரே மாதத்தில் பத்தாமல் போய்விட்டன. கடைக்குப் போனார்கள். கடையில் தாராளம் என்ன செய்வாள் தெரியுமா? தொங்குகிற ஒவ்வொன்றையும் உட்புறம் வெளியே திருப்பித் தையலைப் பார்ப்பாள், மடிப்பை இழுத்துப் பார்ப்பாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், பிறகு உதட்டைச் சுழித்து, "இதை வீட்டுலயே தைக்கலாம்" என்று கடைப் பெண்ணின் காதில் விழும்படி சொல்வாள். ஆக, டாப்ஸ் வாங்கப் போனவர்கள் பனியன் துணி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கடுகு மஞ்சளில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, இலைப் பச்சையில் ஒன்று.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கைத்திறனில் அவளைக் குறை சொல்ல முடியாது. சுருங்குகிற துணி முதலிலேயே சுருங்கித் தொலையட்டும் என்று நனைத்துக் காயப்போட்டாள். பனியன் துணிக்கென்று முனை மழுங்கிய ஊசியை மாட்டினாள். இழுத்தால் நூல் அறாமல் கூடவே நீளும்படி, நெளிந்து நெளிந்து போகிற தையலுக்கு மெஷினைத் திருப்பிவைத்தாள். தைப்பதும் சுலபமான வகைதான்: கையும் உடம்பும் ஒரே துண்டு; முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று; பக்கங்களை மூட்டிக் கழுத்தில் பட்டி வைத்தால் முடிந்தது. மகளுக்குக் கச்சிதமாக இருந்த பழைய டாப்ஸ் ஒன்றைத் துணிமேல் விரித்து, சாக்குக்கட்டியால் சுற்றிலும் கோடு போட ஆரம்பித்தாள்.

அங்கேதான் ஆபத்து. பெண் இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள், அதற்கு ஒரு விரல் தள்ளினாள். சரி. இன்னும் வளருவாளே, அதற்கு ஒரு விரல். துவைத்தால் மறுபடி சுருங்கிவிட்டால் என்று ஒரு விரல். மனசு கேட்காமல் ஒரு விரல். இத்தனைக்கும் அது இழுத்த இழுப்புக்கு வருகிற துணி! தாராளத்தின் சாக்குக்கட்டிக்கு அதெல்லாம் தெரியாது. கழுத்துப் பட்டியை, கழுத்து வட்டத்தைவிடச் சின்னதாக வெட்டி இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் படிந்து நிற்கும். அவளோ பட்டியையும் தாராளமாக வெட்டினாள்.

மகள் போட்டுப் பார்த்தாள். கழுத்து ஒரு பக்கத் தோளில் இறங்கியது. அதை ஏற்றினால் மறுபக்கத்தில் இறங்கியது.

"அம்மா, இதுக்குள்ள இன்னொரு ஆளும் வரலாம்."

"அடுத்த வருஷம் பாரு, அச்சு மாதிரி இருக்கும்."

"அடுத்த வருஷம் போட்டுக்கறேன்மா. இந்த வருஷம் என்ன போட்டுக்கறது?"

"வாயப் பாரு!" என்று தாராளம் கருநீலத் துணியை விரித்தாள். அதுவும் அதே கதைதான்.

மகள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள். அந்தச் சனிக்கிழமை பள்ளி அணிக்கு ஆள் எடுத்தார்கள். பழைய டாப்ஸில் கையைத் தூக்க முடியவில்லை, அதனால் மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனாள். வலது கையில் மட்டை. இடது கை? கழுத்தைத் தூக்கிவிடுவதற்கு. தூக்கிவிட்டு நிமிர்வதற்குள் பந்து போய்விடும். எதிரே ஆடியவள் கெட்ட பெண் அல்ல; நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள், "உங்க அக்கா டாப்ஸா?" என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவள் அதற்கு என்ன சொல்வாள்?

பயிற்சியாளர் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் இன்னொரு தடவை பாக்கலாம். ரெண்டு கையும் ஆட்டத்துல இருக்கணும்" என்றார்.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. அம்மா மூன்றாவது துணியை எடுத்துவிடுவாளோ என்ற பயமாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு நாள், அம்மா மருந்துக் கடையில் இருந்த சாயங்காலத்தில், அப்பாவைப் பிடித்தாள். மஞ்சள் டாப்ஸை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு கைகளை விரித்து நின்றாள்.

"அப்பா, உடம்போட ஒட்டி ரெண்டு பக்கமும் குண்டூசி குத்திக்கிட்டே வாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ வேகமா குத்தணும்" என்றான் அவன். "குத்துதா?"

"இல்ல."

"இப்போ?"

"அய்யோ, குத்துது!"

மெஷின் அவளுக்குப் புதிதல்ல; சின்ன வயசிலிருந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து குண்டூசி உருவிக் கொடுத்தே பழகியவள். ஊசி குத்திய வழியிலேயே மெதுவாக ஓட்டினாள். கழுத்துப் பட்டியைப் பிரித்து, குறைத்து, இழுத்துப் பிடித்துத் திரும்பத் தைத்தாள். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தாள். வெளியே நின்ற துணியை அப்படியே வெட்டிப் போட்டாள். டாப்ஸை நேர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

தாராளம் வந்து செருப்பைக் கழற்றும்போதே மெஷினடியில் கிடந்த மஞ்சள் கீற்றுகள் கண்ணில் பட்டுவிட்டன.

"யாரு கைய வெச்சது? பிடிச்சுத் தைச்சா பரவால்ல, அப்புறம் பிரிச்சுக்கலாம். வெட்டியா போட்ட?"

"வெட்டிட்டேன்."

"வளர்ற பொண்ணுடி நீ!"

கணவன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மகள் அழவில்லை. சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். இடது கையைப் பற்றிச் சொன்னாள். அக்கா டாப்ஸா என்று கேட்டதையும் சொன்னாள். "வளரும்போது வளர்றேன்மா. இப்போ நான் இவ்வளவுதான் இருக்கேன்" என்றாள்.

தாராளம் திட்டுவதற்கென்று மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மஞ்சள் துணி கழுத்தைச் சுற்றிப் படிந்து, தோளில் வழியாமல், இடுப்புவரை நேராக இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பெண் இருந்தாள். மெலிந்த கைகள், ஓடியாடி நிமிர்ந்த முதுகு, கழுத்தில் ஒரு சின்ன மச்சம். இந்த வருஷத்துப் பெண். இத்தனை நாள் துணி மூட்டைக்குள் இவள்தானா இருந்தாள்?

அவள் கை நீட்டி விளிம்பு மடிப்பை இழுத்துப் பார்த்தாள். கடைத் துணியைப் பார்ப்பது போலவே திருப்பியும் பார்த்தாள்.

"மடிப்பு லேசா அலையடிக்குது. தைக்கும்போது இழுத்திருக்க. இழுக்காம விட்டா தானா போகும்" என்றாள். இந்த இனத்தாரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இலைப் பச்சை விரிந்தது. மகள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். சாக்குக்கட்டி ஒழுங்காகத்தான் கிளம்பியது. அக்குள் தாண்டியதும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"அம்மா!"

"ஒரு நூலளவுடி…"

"அம்மா!"

சாக்குக்கட்டி திரும்பி வந்தது. அந்தக் கோட்டைப் போட்டு முடித்தபோது தாராளத்துக்கு வியர்த்திருந்தது.

சனிக்கிழமை மகள் பச்சையைப் போட்டுக்கொண்டு போனாள். தாராளமும் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள். ஆட்டத்தின் விதிமுறை அவளுக்குத் தெரியாது. மகளின் இடது கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறைகூடக் கழுத்துக்குப் போகவில்லை. முதல் ஆட்டத்தில் மகள் தோற்றாள், அடுத்தவற்றில் ஜெயித்தாள், அணியில் கடைசிப் பெயராக மகள் பெயரை வாசித்தார்கள். கடைசியாக இருந்தால் என்ன? தாராளம் தட்டிய கைதட்டல் தாராளமாகத்தான் இருந்தது.

அந்தப் பச்சை டாப்ஸ் துவைத்து, காய்ந்து, போட்டு, துவைத்து, சாயம் போய்க் கீரைத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஆறு மாதம் போவதற்குள் தொப்புளுக்கு மேலே ஏறியும்விட்டது. அன்றைக்குத் தாராளத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "பாத்தியா? பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தாள்.

"சொன்னீங்கம்மா. வாங்க, அடுத்தது தைப்போம்" என்று மகள் மெஷின் உறையை எடுத்தாள்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்தமுறை பிள்ளைக்குத் துணி எடுக்கப் போகும்போது கடைக்காரர், "என்ன வயசுக்கு?" என்று கேட்பார் அல்லவா? வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். உங்கள் நாக்கு நுனியில் ஒரு வயசு கூடுதலாக உட்கார்ந்திருக்கும்.