முழுசாய் ஒரு வணக்கம்

லுட்டாயாவுக்குத் திங்கட்கிழமை பதவி உயர்வு கிடைத்தது. அது வீட்டுக்குள்ளும் தெரிந்தாக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மாலை முடிவு செய்தான்.

மசாக்கா நகரத்துக்கு வெளியே ஒரு காப்பிக்கொட்டை ஆலை. அங்கே பதினோரு வருஷம் மூட்டை தூக்கினவன், இப்போது மேற்பார்வையாளர். காலை ஏழரை மணிக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவது அவன் வேலை. கோட்டுக்குக் கீழே பேர் விழுந்தால் தாமதம். எல்லாம் சரிதான். ஆனால் கூடத் தூக்கின பயல்கள் இன்னும் முதுகில் தட்டி, "என்னடா லுட்டாயா" என்றுதான் கூப்பிட்டார்கள். மேனேஜர் வீட்டிலோ, அவர் மனைவி முழங்காலிட்டு டீ கொடுத்ததை இவன் கண்ணால் பார்த்துவிட்டான். வெளியில் கிடைக்காத மரியாதையை வீட்டில் வசூலித்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. இப்படித் தோன்றிய முதல் புருஷன் இவன் இல்லை.

"நப்போசா, நாளையிலேருந்து காலையில முழங்கால் போட்டு எனக்கு வணக்கம் சொல்லணும்."

நப்போசா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கல்யாணமான புதுசுல போட்டேனே! நீங்கதானே 'கால் வலிக்குதா? எழுந்திரு, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்'னீங்க?"

"அப்ப மூட்டை தூக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப கோடு போடறேன்."

"ஓ!" கத்தியைக் கீழே வைத்தாள். "பாதி வணக்கமா, முழு வணக்கமா?"

"முழுசா. பெரியவங்க சொல்ற மாதிரி. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

"அப்படியே செஞ்சுடறேன்."

இவ்வளவு சுலபமாய் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. லுட்டாயா யோசித்திருக்க வேண்டும். பதவி வந்த புதிதில் யார் யோசிக்கிறார்கள்?

மறுநாள் காலை வாசலில் பாய் விரித்திருந்தது. ஆட்களை ஏற்றிப் போகும் ஆலை லாரி தெருமுனைக்கு வரப் பத்து நிமிஷம் இருந்தது. நப்போசா முழங்காலிட்டாள்.

"நல்லாத் தூங்கினீங்களா, செபோ?"

செபோ என்றால் ஐயா. அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததும் இவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"தூங்கினேன். நீ?"

"தூங்கினேன், செபோ. நேத்துப் பார்த்த வேலைக்கு நன்றி, செபோ."

"ம்."

"ம்."

"ஏ."

"ஏ. முதுகு வலி எப்படி இருக்கு, செபோ?"

முதுகு முடிந்து பிள்ளைகள். பிள்ளைகள் முடிந்து அவன் தம்பி. ஊர் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் பதில், பதிலுக்கு ஆளுக்கொரு 'ம்', அதற்கு ஆளுக்கொரு 'ஏ'. முழங்காலிட்டவள் முடிப்பதற்குள் நகர்கிறவனை அந்த ஊர் மனுஷனாகவே மதிக்காது. வேலிக்கு அப்பால் உபதேசியார் மனைவி நமூலி வேறு, "இதுதான் குடும்பம்!" என்று நின்று ரசித்தாள். லாரி மூன்று தடவை ஹாரன் அடித்தது. தம்பியின் மாடு கன்று போட்டதா என்ற இடத்தில் லாரி கிளம்பிப் போய்விட்டது.

மோட்டார் பைக் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜரே சிவப்புக் கோட்டைப் போட்டு முடித்திருந்தார். அதற்குக் கீழே லுட்டாயா தன் பேரைத் தானே எழுதினான்.

"ஆறு மாசம் உனக்குச் சோதனைக் காலம்" என்றார் மேனேஜர். "கோட்டுக்குக் கீழே மூணு தடவை வந்தா மறுபடியும் மூட்டைதான்."

வியாழக்கிழமை பின்வாசல் வழியாக நழுவினான். பாய் அங்கே இருந்தது.

"பின்வாசல்ல போறவங்களுக்கும் மரியாதை உண்டு, செபோ" என்று முழங்காலிட்டாள். முதுகு, பிள்ளைகள், மாடு எல்லாம் ஆயிற்று. பிறகு புதிதாக ஒன்று கேட்டாள்.

"ஆலையில யாராவது உங்ககிட்ட சிரிச்சுப் பேசறாங்களா, செபோ?"

'ம்' சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை.

"இல்ல. சார்னு கூப்பிடச் சொன்னேன். அதுலேருந்து பேச்சையே நிறுத்திட்டாங்க. தனியாத்தான் உக்காந்து சாப்பிடறேன்."

அவளும் 'ம்' சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். இதுநாள்வரை காலையில் அவன் கிளம்பும்போது, "மிரெம்பே அப்பா, குடையை எடுத்தீங்களா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு கத்தல் வரும். அதில் எல்லா விசாரிப்பும் அடங்கியிருந்தது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஹாரன் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் தேய்ந்து போயிற்று. இரண்டாவது சிவப்பு.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே எழுந்துவிட்டான். நப்போசா அதற்கும் முன்னால் எழுந்து எங்கேயோ போய்விட்டு வந்து, வாசலில் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். லுட்டாயா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஹாரன் இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது. அவள் குனிவதற்குள் இவன் பாயில் முழங்காலிட்டுவிட்டான். பெண் கேட்கப் போன அன்று அவள் அப்பா வீட்டில் முழங்காலிட்டது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

"நப்போசா, இந்த வணக்கத்தை விட்டுடு. பழையபடி அடுப்படியிலேருந்தே கத்து. அது போதும்."

"ம்" என்றாள் அவள், மேற்பார்வையாளர் குரலில்.

"தப்பு என்னோடதுதான்."

"ஏ."

"உன்னை முழங்கால் போடச் சொன்னதே தப்பு."

"இது பாதி மன்னிப்பா, முழு மன்னிப்பா?"

"முழுசுதான்!" என்று கத்தினான். "பதவி தலைக்கு ஏறிடுச்சு. ஆலையிலயும் அந்தப் பயலுங்களை அதட்டியிருக்கக் கூடாது. போதுமா?" பாய்க்கு அடியில் ஒரு கல் முழங்காலைக் குத்தியது. குரல் இறங்கியது. "உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"இந்தக் கேள்வியை மறுபடி கேக்க உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "சரி, விட்டுட்டேன்."

அவனுக்கு மூட்டை இறக்கின மாதிரி இருந்தது. "லாரி ஹாரனை இன்னும் காணோமே?"

"அடிக்க வேணாம், உங்களை விட்டுட்டுப் போகவும் வேணாம்னு டிரைவர்கிட்ட நான்தான் சொல்லிட்டு வந்தேன். எழுந்திருங்க, மிரெம்பே அப்பா. நீங்க முழங்கால் போட்டதுலேருந்து லாரி வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது, மூட்டை தூக்கறவங்க அத்தனை பேரோட."