தீவின் பொக்கிஷங்களும் என் குரலும்

முடிந்த வேலையை முடிந்ததாக விட்டுவிட எனக்குத் தெரியாது. அடுப்பை அணைத்தேனா என்று சரிபார்க்கப் போய், அணைந்திருந்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தவள் நான். ஊருக்குப் போகும்போது, பூட்டிய பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூட முடியாமல், விமான நிலையத்தில் நாலு பேர் பார்க்க அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் வீட்டோடு போனது. ஒரு கிரேக்கத் தீவின் மானத்தை வாங்கியதுதான் வீட்டோடு நிற்கவில்லை.

அப்போது எனக்கு வேலை செய்யும் அனுமதி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திருச்சியில் வளர்ந்து சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தவள், கல்யாணமாகி அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தபின் கணவர் ஸ்ரீதரின் விசாவில் தொற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அவர் காலையில் ரயில் பிடித்து ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கி வேலைக்குப் போய்விடுவார். மகள் நிலா பள்ளிக்குப் போய்விடுவாள். நான் அணைந்த அடுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி இருந்தவளை நம்பி, பக்கத்து ஊரான ஐசலினில் நகைக்கடை ஒன்றின் மாடியில் சின்னக் கம்பெனி நடத்திவந்த பாலா என்கிற கோயம்புத்தூர்க்காரர் வேலை கொடுத்தார். முதலில் கான்ட்ராக்ட்தான். வந்திருக்கும் புராஜெக்ட் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்றார்.

புராஜெக்ட் இதுதான். கிரேக்கத் தீவு ஒன்றில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் ஒரு பகுதியை நியூ ஜெர்சிக்கு அனுப்புகிறது. எங்கள் வீட்டிலிருந்து பார்க்வே நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன மியூசியத்தில் அது சில மாதம் காட்சிக்கு இருக்கும். பார்க்க வருகிறவர்கள் தங்கள் போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு, பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைத் தட்டினால், அதன் கதையை ஒரு குரல் சொல்லும். ஆப்பைச் செய்வது எங்கள் கம்பெனி. அந்தக் குரல் நான்.

(குரலுக்குத் தனியாக ஆள் வைத்தால் செலவு என்று பாலா தயங்கினார். நானே பேசுகிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டேன். பள்ளியில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவள் ஆயிற்றே.)

பொருள்களோடு தீவிலிருந்து எலேனி வந்திருந்தாள். அந்த அருங்காட்சியகத்தில் வேலை செய்பவள், கிட்டத்தட்ட என் வயது. ஒவ்வொன்றைப் பற்றியும் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அவள்தான். பெட்டிகள் கப்பலேறிய அன்று தீவுக்காரர்கள் துறைமுகத்துக்கே வந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதுபோல் கையசைத்தார்களாம். கேட்டபோது எனக்குச் சம்பந்தி வீட்டுப் பொறுப்பே வந்துவிட்டது.

அவள் காட்டிய பொருள்களில் பாதி எனக்கு ஏற்கனவே பழக்கமானவை போலிருந்தன. குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த கிண்ணம் ஒன்று, அச்சாக நம் பாலாடை. நோய் தீர்ந்தவர்கள் கோயிலுக்குக் காணிக்கையாகப் போட்ட களிமண் காதும் காலும் இருந்தன. சமயபுரத்தில் நாங்களும் கண்மலர் வாங்கிப் போடுவோம் என்று சொன்னபோது எலேனி குறித்துக்கொண்டாள். மார்பில் கை கட்டி நிற்கும் பளிங்குப் பெண் பொம்மை, ஆக்டோபஸ் வரைந்த எண்ணெய்ச் சாடி, இறந்துபோன இளம்பெண் உட்கார்ந்தபடி தன் தாயின் கையைப் பிடித்து விடைபெறும் கல்லறைக் கல். இத்தனைக்கும் நான் குரல் கொடுத்தேன். எதிரொலி வராமல் இருக்கப் பட்டுப்புடவைகளும் பனிக்கால ஜாக்கெட்டுகளும் தொங்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து, வெளியே நிலா நின்று என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தத் திருத்தப் பேசினேன். கடைசியில், தொலைக்காட்சியில் வானிலை வாசிக்கும் அமெரிக்கப் பெண்மணி மாதிரி ஒரு குரல் எனக்குள்ளிருந்து வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

திறப்பு விழா ஒரு பிப்ரவரி சனிக்கிழமை மாலை. முந்தைய நாளே எல்லாம் சோதித்து முடித்தாயிற்று. பாலா என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "வித்யா, ஃப்ரீஸ் பண்ணியாச்சு. இனிமே ஒண்ணையும் தொடாதீங்க."

சனிக்கிழமை மதியமே புடவை கட்டித் தயாராகிவிட்டேன். கிளம்ப நேரம் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. சமையலறையைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். நிலாவின் தலையைப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னினேன். அவள் எழுந்து அப்பாவிடம் போய்விட்டாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன்.

எந்த எண்ணுக்கு எந்த ஒலிப்பதிவு என்பதெல்லாம் ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. ஒரு பத்தியில் பொருளின் எண், அடுத்ததில் ஒலிப்பதிவின் பெயர். ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருந்தால் என்ன ஆவது என்று சந்தேகம் வந்தது. அகர வரிசைப்படி அடுக்கினால் தெரிந்துவிடும். ஒலிப்பதிவுப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொன்னேன். பக்கத்துப் பத்தியையும் சேர்த்து அடுக்கவா, இது மட்டும் போதுமா என்று எக்செல் கேட்டது. எக்செல் இப்படிக் கேட்பது என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான். இது மட்டும் போதும் என்றேன். இரட்டிப்பு எதுவும் இல்லை. நிம்மதியாகச் சேமித்து, பழகிய கை, ஆப்புக்கும் அனுப்பிவிட்டு, பூ வைத்துக்கொள்ள எழுந்துபோனேன்.

கூடம் நிறைந்திருந்தது. அந்தத் தீவிலிருந்து பல வருடங்களுக்கு முன் வந்து நியூ ஜெர்சியில் குடியேறியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கண்காட்சிக்குப் பாதி நன்கொடை கொடுத்த கோஸ்டாஸ் என்பவர்தான் விழா நாயகர். சிறுவனாக வந்து, பாத்திரம் கழுவி, இப்போது நெடுஞ்சாலை ஓரம் சொந்தமாக டைனர் என்கிற சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவரை ஒரு தாடிக்காரரின் பளிங்குத் தலைக்கு முன் நிறுத்தி, எல்லோரும் சுற்றி நின்றார்கள். தலை அவர் பிறந்த கிராமத்தின் பக்கத்தில் தோண்டி எடுத்ததாம். பார்த்தால் என் அப்பா மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

என் வானிலைக் குரல் கணீரென்று சொன்னது, குளிக்கும்போது குதிகாலில் தேய்க்க இதைப் பயன்படுத்தினார்கள் என்று. நெடுங்காலம் தேய்த்ததில் மேற்பகுதி வழுவழுப்பாகியிருப்பதைக் காணலாம் என்றும் சொன்னது.

கோஸ்டாஸ் அந்தப் பளிங்குத் தலையின் வழுக்கையைப் பார்த்தார். பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

ஏதோ எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் எனக்கு இடப்பக்கம், உள்ளங்கை அளவுகூட இல்லாத களிமண் காதின் முன்னால், இதில் ஒயின் கலந்தால் விருந்துக்கு வந்த அத்தனை பேருக்கும் போதும் என்று என் குரல் கேட்டது. வலப்பக்கம், ஒட்டுத்துணி இல்லாமல் நின்ற விளையாட்டு வீரனின் சிலைக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். இதற்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டும், அது கிடைக்கவில்லை என்று அவர்களுக்கு நான் வருத்தத்தோடு தெரிவித்துக்கொண்டிருந்தேன்.

நிலா என் முந்தானையை இழுத்து, "அம்மா, யூ ஆர் எவ்ரிவேர்," என்றாள். அவளுக்குப் பெருமை.

ஸ்ரீதர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "எக்செல்ல கை வச்சியா?"

"சும்மா சார்ட் பண்ணிப் பாத்தேன்."

"ஃபுல்லாவா, ஒரு பத்தி மட்டுமா?"

ஒலிப்பதிவுகளின் பெயர்கள் மட்டும் இடம் மாறி, எண்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒரு பத்தி," என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பாலா என்னைக் கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, வேறு யாருடைய வீட்டுத் துக்கத்தையோ விசாரிப்பதுபோல் விசாரித்தார். கோப்பைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தக் கூடத்துக்குள் சிக்னல் வராது. அதனால் வாசலிலேயே எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொள்ளும்படி ஆப்பைச் செய்திருந்தோம். (அந்த யோசனையும் என்னுடையதுதான். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.) இப்போது திருத்தினால், வந்தவர்கள் அத்தனை பேரையும் பனியில் வெளியே நிறுத்தி மறுபடி இறக்கச் சொல்ல வேண்டும். அதில் பாதிப்பேர் கைத்தடியோடு வந்தவர்கள்.

வெளியே ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நிஜமாகவே யோசித்தேன். அப்போதுதான் எலேனி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என் தீவை என்ன செய்தாய், வித்யா?" என்றாள்.

அடுக்கியதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. உனக்கு எல்லாம் மனப்பாடம்தானே என்று கேட்டாள். அலமாரிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். "அப்படியானால் போ. அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. வாயால் சொல்," என்றாள்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். சுற்றி வளைத்துச் சொல்ல நேரமில்லை. யார் போனைத் தட்டுகிறார்களோ அவர்கள் முன்னால் போய் நின்று, அது இல்லை, இதுதான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். வேதனை என்னவென்றால், போனிலிருந்த நான் ஓயவில்லை. இது பாலாடை என்று நான் சொல்வேன். இதை வீரர்கள் போரில் தலையில் அணிந்தார்கள் என்பாள் போனிலிருப்பவள். நான் குரலை உயர்த்துவேன். அவளுக்கு மூச்சே வாங்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் பொருள்களை விட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையைப் பார்க்கவே என் பின்னால் வர ஆரம்பித்தது. சிலர் அடுத்த எண்ணை வேண்டுமென்றே தட்டிவிட்டு என்னை ஆவலாகப் பார்த்தார்கள்.

கல்லறைக் கல்லுக்கு முன்னால் வந்தபோதுதான் என் ஓட்டம் நின்றது. கறுப்பு உடை அணிந்த வயதான அம்மாள் ஒருவர் தனியாக நின்றிருந்தார். அவர் கையிலிருந்த போனில், அடிப்பக்கம் கருகியிருக்கிறது, மீன் வேகவைத்திருக்கலாம் என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, மீனா என்று கேட்டார்.

இல்லைம்மா என்றேன். உட்கார்ந்திருப்பவள்தான் இறந்துபோனவள், நிற்பது அவள் தாய், கையைப் பிடித்துக்கொண்டு விடைபெறுகிறார்கள் என்று சொன்னேன். வானிலை வாசிக்கும் பெண்மணி அதற்குள் எங்கோ தொலைந்திருந்தாள். வந்தது அப்பட்டமான திருச்சி ஆங்கிலம். அவர் இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். அன்று மாலை நான் ஓடாமல் நின்ற இடம் அது ஒன்றுதான்.

திரும்பினால் கோஸ்டாஸ் நின்றிருந்தார். என்னையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்டார்.

தலையசைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கையைப் பிடித்து மறுபடி அந்தப் பளிங்குத் தலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இப்போது சரியாகச் சொல் என்றார். கடல் வணிகத்தில் பணம் சேர்த்து, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய மனிதர் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீ முதலில் சொன்னதும் தப்பில்லை," என்றார். "என் அப்பாவும் சாயங்காலமானால் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டேதான் இருப்பார்."

திங்கட்கிழமை பாலா காபி வாங்கிக் கொடுத்து, கான்ட்ராக்ட்டை நீட்டிக்க முடியாது என்று சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன். எலேனி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு கூப்பிட்டு, ஆப்பைச் சரிசெய்தாயிற்று, ஆனால் வருகிறவர்கள் புடவை கட்டிய பெண் எங்கே என்று கேட்கிறார்கள் என்று சற்றுக் கடுப்போடு சொன்னாள். கண்காட்சி முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், சம்பளமில்லாமல் பேசினேன். களிமண் காதைக் காட்டிக் கண்மலர் கதை சொன்னால் மட்டும் எலேனி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். பெட்டிகளை மூடிய அன்று நானும் போய்க் கையசைத்தேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். அங்கே எந்தக் கோப்பையும் பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி, திருத்த முடியாது. சேர்ந்த அன்றே நானாகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

ஆனால் அந்த ஒலிப்பதிவுகள் அத்தனையும் நிலாவின் ஐபேடில் இருக்கின்றன. ஸ்ரீதர் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால், வயிறு பருத்துக் கழுத்துக் குறுகியிருப்பது பிற்காலத்து வேலைப்பாடு என்று என் குரல் அவரைப் பற்றிச் சொல்லும். போன வாரம் ஐசலினிலிருந்து நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். ஒரு ஆன்ட்டி என் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து, பார்த்து, இது என்னம்மா வித்தியாசமா இருக்கு, என்ன போட்டே என்று அன்பாக விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நிலா ஐபேடைத் தட்டிவிட்டாள்.

"இந்தப் பாத்திரத்தினுள் என்ன இருந்தது என்பதை," என்று என் அமெரிக்கக் குரல் கணீரென்று அறிவித்தது, "அறிஞர்களால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை."