பதில்களுக்குக் கட்டிய குருத்தோலை

ஹத்துலேசி கிராமம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

அம்போன் நகரில் கல்லூரி ஆசிரியையாக விளங்கும் என் அன்பு மருமகள் எல்சினாவுக்கு, மாமா யோப் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் முழங்கால் வலி நீங்கலாக நலம். அங்கே நீயும் அப்படியே, அந்த வலியும் இல்லாமல், இருக்க வேண்டுகிறோம்.

போன ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, மீனில் முள் எடுத்துக்கொண்டே நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, நம்ம ஊர்க்காரங்க என்கிட்ட உண்மையைத்தான் சொல்றாங்களா?" வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்பது என் வழக்கம். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்த நாளை இன்று வந்துவிட்டது. பதில்தான் இன்னும் வரவில்லை. ஒரே குழப்பமாக இருக்கிறது.

அடுத்த வாரம் இரண்டு பேராசிரியர்களோடு வருகிறேன், கடற்கரை ஊர்களும் சுற்றுலாவும் பற்றிய என் ஆய்வுக்கு இந்த ஒருமுறை பதில் சேர்ந்தால்தான் பதவி உயர்வு, இல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும், ஊரைக் கொஞ்சம் தயார் செய்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். தயார் செய்வது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேவாலயக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, உன் கேள்வித்தாளுக்குப் பாடம் எடுத்தேன். நான்காம் கேள்வி, 'சுற்றுலாப் பயணிகளால் உங்கள் வாழ்க்கை மேம்பட்டுள்ளதா?' என்பது. உதாரணம் சொல்லி விளக்கினேன். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறாளே கொஸ்தான்சா, அவள் எழுந்து, "எந்தப் பதில் சொன்னா பாஸ் வாத்தியாரே?" என்றாள். பாஸ், பெயில் எல்லாம் கிடையாது என்றேன். "அப்ப எதுக்கு டியூஷன்?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு விட்டதா? கடல் காவல் தலைவர் தொமிங்குஸ் எழுந்தார். "போன வருஷம் ஜகார்த்தாவிலேருந்து ஒருத்தர், ஹாலந்திலேருந்து ரெண்டு பேரு, அப்புறம் மக்காசர்க்காரங்க. எல்லாரும் கேட்டது இதே கேள்வியைத்தான். நீங்களே சொல்லுங்க, லோலா சங்கை வளர விடாம எடுத்துக்கிட்டே இருந்தா என்னாகும்?"

"சின்னதாயிடும்" என்றது கூடம் முழுவதும். என் வகுப்பில் இப்படி ஒரே குரலில் பதில் வந்ததே இல்லை.

"பதிலும் அப்படித்தான்யா. முதல்ல வந்தவருகிட்ட அரை நாள் பேசினேன். இப்ப 'நல்லாருக்கு'ங்கறதுக்கு மேல வாயில வரமாட்டேங்குது. வளரட்டும். சாசி போட்டுருவோம்."

சங்குக்கும் கடலட்டைக்கும் சாசி போட்டுப் பார்த்திருக்கிறோம். குருத்தோலை கட்டினால், அவிழ்க்கும்வரை அந்தக் கடலில் ஒருவரும் கை வைப்பதில்லை. பதிலுக்குச் சாசி போட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் புதன்கிழமை காலையே போதகர் ஜெபமும் செய்துவிட்டார்! படகுத்துறையில் ஒரு குருத்தோலை. நீ தங்குகிற வீடு என்பதால் நம் வாசலிலும் ஒன்று. ஆராய்ச்சிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. லோலாவுக்குத் திறக்கும்போது இதற்கும் திறப்பார்களாம்.

எது ஆராய்ச்சி, எது பேச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். "பதிலை எழுதிக்கிட்டா ஆராய்ச்சி, கேட்டுட்டு மறந்துட்டா பேச்சு" என்று தீர்ப்பாயிற்று. என் சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்குமே, அதனால் என்னிடம் யாரும் வாய் திறப்பதில்லை. கடையில் "சர்க்கரை இருக்கா?" என்றேன். கடைக்காரி என் பேனாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பேசாமல் சர்க்கரையை நீட்டினாள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குளிக்கிற இடத்துக்கு வழி கேட்டார்கள். கழுத்தில் கேமரா இருந்ததால் சந்தேகப்பட்டு, கொஸ்தான்சாவின் கணவர் மௌனமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஏதோ ஊர்ச் சடங்கு என்று நினைத்து அவர்கள் உருகிப்போனார்கள்.

நான் தொமிங்குஸிடமே போய், "அவ நம்ம பொண்ணுப்பா. இது இல்லேன்னா அவ வேலை உயராது. எப்பத்தான் திறப்பீங்க?" என்று கெஞ்சினேன். "மேற்குக் காத்து அடங்கினதும்" என்றார் பாவம். என் கையில் பேனா இருந்ததைக் கொஸ்தான்சா பார்த்துவிட்டாள். கேட்டவனுக்கும் சொன்னவருக்கும் ஒரே தண்டனை: தேவாலயச் சுவருக்கு மணல் சுமப்பது. சாசி போட்ட தலைவரே முதல் குற்றவாளி. கொஸ்தான்சா திண்டில் உட்கார்ந்து கெனாரிக் கொட்டை உடைத்துக்கொண்டே, "கூடையை நல்லா ரொப்புங்க தலைவரே, பதில் மாதிரி மணலும் சின்னதாயிடப் போவுது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம பொண்ணுன்னா கேள்வித்தாளோட எதுக்கு வரா? பசிச்சா சாப்பிட வரட்டுமே" என்றாள்.

ஆகவே மருமகளே, வராதே. பேராசிரியர்களிடம் கடல் சரியில்லை என்று சொல்லிவிடு. உன் உயர்வு என் பாடத்தால் கெட்டதோ, ஓலையால் கெட்டதோ, எனக்குப் புரியவில்லை. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். அத்தை உலர்ந்த மீன் கொடுத்தனுப்புகிறாள், முத்தமும்.

இப்படிக்கு,
குழப்பத்திலிருக்கும் மாமா,
யோப்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடு. உறையை ஒட்டும்போது தொமிங்குஸ் வந்து உட்கார்ந்தார். நான் பேனாவை ஒளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவராகவே ஆரம்பித்தார்: அறைக்கு வருகிறவர்கள் குளித்தே கிணற்றை வற்ற அடிக்கிறார்களாம். வேலிக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கொஸ்தான்சா, பாதி உடைத்த கெனாரித் தட்டோடு உள்ளே வந்து, "அந்த ரெண்டு அறை இல்லேன்னா என் பையன் படிப்பை விட்டுட்டு படகு வேலைக்குப் போயிருப்பான், தெரியுமாய்யா? ஆனா கொடியில காயிற என் துணியைப் போட்டோ எடுக்கறானுங்களே, அதை யாருகிட்ட சொல்ல?" என்றாள். பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு. உன் நான்காம் கேள்விக்கு இதுவரை வராத பதிலெல்லாம் சண்டையாக வந்து கொட்டுகிறது. "சாசி?" என்றேன் தயங்கி. "யாரு கேட்டா? நானாத்தானே சொல்றேன்" என்கிறார் தொமிங்குஸ். கொஸ்தான்சா, "எல்சினா வரட்டும், இதை அவளே எழுதிக்கட்டும், என் பேரைப் போட்டே எழுதட்டும்" என்கிறாள்.

அதனால் உடனே வா, பேராசிரியர்களையும் கூட்டிக்கொண்டு வா. கேள்வித்தாள் அம்போனிலேயே இருக்கட்டும். வந்ததும் கொஸ்தான்சா பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எதுவும் கேட்காமல் கெனாரி உடைத்துப் பார்.